மேற்படியார் என் மாப்பிள்ளை

தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் மனுஷனுக்கு ஒன்று கூச்சம் வரும், இல்லாவிட்டால் கற்பனை வரும். எனக்கு முதலில் கூச்சம் வந்தது. அது போனதும் கற்பனை வந்தது. வந்த கற்பனையின் பலனாக, என் மாமனார் வீட்டு வாசலில் லுங்கியும் டையும் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், பதினெட்டு நிமிஷம் நின்றேன். (லுங்கி என்னுடையது. டை என்னுடையது இல்லை.)

அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் முப்பத்திரண்டு அறை இருக்கிற ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றதும் ஏசி அறை, சுழல் நாற்காலி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன், மேல் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று கத்தினால் மோட்டார் போடுவேன், குரங்கு தூக்கிக்கொண்டு போன கண்ணாடிக்கு நிர்வாகம் பொறுப்பில்லை என்று விளக்குவேன். பதினேழு வருஷமாக இதுதான்.

என் மனைவி சுமதி நர்ஸ். நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து எட்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டாள். எனக்கும் பத்தாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் யாழினிக்கும் விசா வந்துவிட்டது. யாழினிக்குப் பரீட்சை முடிந்ததும், ஐந்து வாரத்தில் விமானம். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. எனக்கு அங்கே வேலை.

"வேலையோட வாங்க," என்றாள் சுமதி. "வந்து தேடிக்கலாம்னு வந்த மூணு பேரு இங்க ஜன்னல்கிட்ட உக்காந்து மழையப் பாத்துட்டிருக்காங்க. நீங்க பேச ஆள் இல்லாம ஒரு வாரம் இருந்தா செவுத்துகிட்ட ரூம் வேணுமானு கேப்பீங்க."

அவள் சொன்னது சரி. ஆனால் என் பயம் வேறு. என் மாமனார் ராஜமாணிக்கம், ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். யாழினி அப்போது அவர் வீட்டில் தங்கித்தான் பரீட்சைக்குப் படித்தாள். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பற்றி மூன்று வாரம் விசாரித்தவர் அவர். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் டீக்கடையில், வேர்க்கடலை மண்டியில், நான் படித்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம் கூட. அப்படிப்பட்டவரிடம் போய், "மாமா, உங்க பொண்ணு சம்பாதிக்கிறா, நான் ஜன்னல்கிட்ட இருக்கேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான். அதற்கு அவர் திட்டியே விடலாம்.

என்னிடம் ஒரு பயோடேட்டா இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் கல்யாணம் ஆன புதிதில் அடித்தது. சுற்றிலும் பூ பார்டர். மேலே பிள்ளையார் சுழி. வலது மூலையில் போட்டோ, ஸ்டுடியோக்காரர் கொடுத்த கோட்டில். (மாவட்டத்துக்கே ஒரு கோட்டு, முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டு அளவாக்குவார்கள். முன்னால் கலெக்டர் மாதிரி இருக்கும், பின்னால் கொடியில் காயப் போட்ட மாதிரி இருக்கும்.) அப்பா பெயர், மதம், உயரம், ரத்த வகை, பொழுதுபோக்கு கிரிக்கெட். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. நல்ல காரியம் ஆயிற்றே என்று நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அம்மன் சன்னிதியில் வைத்து எடுத்து, ஸ்கேன் செய்து, நாற்பத்தோரு மோட்டலுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை.

சுமதி அதைத் தன்னோடு வேலை பார்க்கிற அந்த ஊர் அம்மா ஒருவரிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா மரியாதையாக, இதன் மேல் யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு வீடியோ காலில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. போட்டோவை எடுங்கள் என்றாள். எடுத்தேன். வயசை எடுங்கள். சந்தோஷமாக எடுத்தேன். மதம், ரத்தம், உயரம், எல்லாம் போயிற்று. அப்பா பெயரை எடுங்கள் என்றபோது மட்டும் நிறுத்தினேன். அப்பா இல்லாமல் பிறந்தவன் என்று நினைத்துக்கொள்வார்களே என்றேன். அங்கே யாரும் உங்கள் அப்பாவைப் பற்றி நினைக்கப் போவதில்லை என்றாள். 

"கல்யாணம் ஆச்சுங்கறதையும் எடுங்க."

"ஏய், இருபது வருஷத்துல நான் பண்ண ஒரே சாதனை அதுதான்."

"அத நான் சொல்லணும். எடுங்க."

கடைசியில் பார்த்தால் என் பெயர், போன் நம்பர், கிரிக்கெட் மூன்றும்தான் மிச்சம். கிரிக்கெட்டையும் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

இனி சாதனைகளை எழுத வேண்டுமாம். அதுவும் எண்ணோடு. எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எவ்வளவு உயர்த்தினீர்கள், எதைத் தீர்த்தீர்கள். "கூச்சப்படாம எழுதுங்க. இங்க எல்லாரும் எழுதுவாங்க. ஆனா இருக்கறத எழுதுங்க," என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் முதல் இரண்டு வாக்கியம் எனக்கு நன்றாகக் கேட்டது.

லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இணையத்தில் மாதிரி சி.வி.க்கள் நிறையக் கிடந்தன. ஒருத்தன் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தியிருந்தான். எனக்கு ரோஷம் வந்தது. லாட்ஜில் என்னிடம் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். ரூம் பாய் குமார், கூட்டிப் பெருக்கும் அஞ்சலை அக்கா, வாட்ச்மேன். ஆனால் வாசலில் இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டில் பதினோரு பேர், அவர்களும் நான் சொன்னால் வருவார்கள். எதிர் டீக்கடையில் நாலு பேர். துணி துவைத்துத் தருகிறவரும் அவர் மனைவியும். பால்காரர். பிளம்பர், எலக்ட்ரீஷியன். கூட்டினால் இருபத்து மூன்று. ஒற்றைப்படை எதற்கு என்று என்னையும் சேர்த்துக்கொண்டேன். இருபத்து நான்கு பேர் கொண்ட குழு.

அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை. மாதா மாதம் அறை நிரம்புவதை மூன்று மடங்கு உயர்த்தினேன் என்று எழுதினேன். முப்பத்திரண்டு அறையில் ஒரே நாளில் இருநூறு விருந்தினரைத் தங்க வைத்தேன் என்று எழுதினேன். (இது சத்தியம். தீபத்துக்கு முதல் நாள் வந்து பாருங்கள்.) வாடிக்கையாளர் புகார் நூற்றுக்கு நூறு தீர்க்கப்பட்டது. (புகார் நோட்டு மழையில் நனைந்து போய்விட்டது.) கம்ப்யூட்டரில் நிபுணன். நெருக்கடியில் நிதானம் இழக்காதவன். படித்துப் பார்த்தபோது இந்த ஆளை நானே வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் நம்மைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் பெயரும் போனும் கொடுக்க வேண்டும். லாட்ஜ் முதலாளியைப் போட முடியாது. நான் போகப் போகிறேன் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. யோசித்து, எங்கள் லாட்ஜில் வருஷத்துக்கு நாலு மாதம் தங்குகிற யோஹான் என்கிற வெள்ளைக்காரரைப் போட்டேன். தங்கமான மனுஷன், வெளிநாட்டுப் பெயர் எடுப்பாக இருக்கும். இரண்டாவதாக, ராஜமாணிக்கம், ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி. என்ன உறவு என்று எழுதவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. நம் ஊரில் இப்படிப் பெயர் போடுவதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ போடுகிற மாதிரி. பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, யார் அவர்களுக்குப் போன் செய்து, நீங்கள் நிஜமாகவே நல்வரவை நாடுகிறீர்களா என்று கேட்கிறார்கள்?

இந்த முறை ஒரு பதில் வந்தது. ஒன்றே ஒன்று. ஹெலன் என்கிற அம்மா, பதினாறு அறை உள்ள சின்ன மோட்டலின் சொந்தக்காரர். உதவி மேனேஜர் வேலை. வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தார். நம் காலை ஆறரை மணி, அவர்களுக்கு மதியம் ஒரு மணி. தேதியைப் பார்த்தேன். பௌர்ணமி. மாற்றச் சொல்லலாமா என்று தோன்றியது. இருக்கிறது ஒரு பதில், அதையும் நிலாவுக்காக விடுவதா என்று சரி சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் லாட்ஜ் ஸ்டோர் ரூமில், தலையணைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்தேன். மேலே வெள்ளைச் சட்டை. டை வேண்டும் என்று முந்தின நாள் யாழினியுடைய ஸ்கூல் டையை வாங்கி வந்திருந்தேன். எலாஸ்டிக் வைத்தது, நெஞ்சுக்குழி வரைதான் வந்தது. பள்ளிக்கூட முத்திரை தெரியாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டே பேசினேன். நெஞ்சில் கை வைத்துப் பேசுகிற உருக்கமான ஆள் என்று ஹெலன் நினைத்திருக்கலாம். கீழே லுங்கி. கேமராவுக்குக் கீழே உள்ள உலகம் எனக்குச் சொந்தம்தானே.

ஹெலன் அறுபது வயது இருக்கும், வெட்டு வெட்டென்று பேசினார். இருநூறு பேர் விஷயத்தில்தான் நின்றார். முப்பத்திரண்டு அறையில் இருநூறு பேரா, தீ பற்றினால் என்ன ஏற்பாடு என்று கேட்டார். நான் யோசிக்காமல், "தீபம் மலை மேலதாங்க மேடம் ஏத்துவாங்க, லாட்ஜ்ல இல்ல," என்று என் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். மற்றபடி நன்றாகத்தான் போயிற்று. கடைசியில், நாளைக்கு நான் ஊரில் இல்லை, அதனால் உங்களுக்காகப் பேசப் போகிற இரண்டு பேருக்கும் இப்போதே போன் செய்துவிடுகிறேன் என்றார்.

இப்போதே.

வீடியோ அணைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. யோஹான் மௌன விரதத்தில் இருந்தார். மூன்று வாரமாக. காலையில் காபி வேண்டுமென்றால் கூட விரலால் காற்றில் ஒரு டம்ளர் வரைவார். மாடிக்கு ஓடினேன். அதற்குள் ஹெலனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ‘முதல் நபர் வீடியோவில் வந்தார். கும்பிட்டார். நான்கு நிமிடம் சிரித்துக்கொண்டே இருந்தார். எதுவும் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா? அடுத்தவரை அழைக்கிறேன்.’

மாமாவுக்குப் போன் போட்டேன். பிசி. மறுபடி போட்டேன். பிசி. யாழினிக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள் (பரீட்சைக் காலம், தாத்தா உத்தரவு). மாமா அந்த சி.வி.யைப் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பதவியில் இருந்தவரை ஒரு பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதவர். இருப்பிடச் சான்று கேட்டு மனு வந்தால், அந்த வீட்டுக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால்தான் குடியிருக்கிறார்கள் என்று எழுதுவார். அவரிடம் இருபத்து நாலு பேர் குழு என்று படித்துக் காட்டினால்!

ஸ்கூட்டரை எடுத்தேன். தெரு முனையில் தடுப்பு. பௌர்ணமிக்கு உள்ளே வண்டி கிடையாது என்பதை ஊருக்கே சொல்கிற ஆள் நான், எனக்கே மறந்துவிட்டது. தெரிந்த கான்ஸ்டபிள்தான். என் டையைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார், "மேனேஜர் சார், உடம்பு எதுனா?" என்றார். வண்டியை அவர் தலையில் கட்டிவிட்டு ஓடினேன்.

கிரிவலம் முடித்துக் கோயிலுக்கு வருகிற கூட்டம் முழுக்க எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கிழித்துக்கொண்டு போனேன். "அண்ணாமலைக்கு" என்று ஒரு பக்கம் கோஷம், "யோவ், பாத்து" என்று இன்னொரு பக்கம். ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி, மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கூடாது தம்பி, பாவம் என்றார். பாவத்தை நோக்கித்தான் சாமி போகிறேன் என்றேன். அதற்கும் நடுவில் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் என்னை அடையாளம் கண்டுகொண்டு ரூம் இருக்கிறதா என்று கேட்டது. (டை கட்டினால் என்ன, லுங்கி கட்டினால் என்ன, இந்த ஊரில் என் மூஞ்சியில் ரூம் என்றுதான் எழுதியிருக்கிறது.) ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. ஒற்றைச் செருப்பில் ஓடுவது கஷ்டம் என்று இன்னொன்றையும் விட்டுவிட்டேன்.

கூட்டம் குறைந்த இடத்தில் ஆட்டோ கிடைத்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்து, வேங்கிக்கால் வந்ததும், "கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறதுன்னா இப்பிடி டிரஸ் பண்ணக் கூடாது சார், உள்ள வுட மாட்டாங்க," என்றார் அக்கறையாக.

மாமா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நான் பயந்த காட்சி, பயந்ததை விட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மாமா மேஜை முன்னால் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டு, கையில் பேனா, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன், ஸ்பீக்கரில். பக்கத்தில் அத்தை. யாழினி வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தாள்; அவள் கண்ணில் அப்படி ஒரு ஆனந்தம். நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். மாமா தலை நிமிராமல் உள்ளங்கையைக் காட்டினார். முப்பத்து நாலு வருஷம் மனுதாரர்களை வாசலில் நிறுத்திய கை. நின்றுவிட்டேன்.

மாமாவின் இங்கிலீஷ் ஆபீஸ் ஃபைலில் பிறந்து வளர்ந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

அதுவரை அந்த அம்மா யார், எந்த மோட்டல் என்று மாமா விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாராம். அப்புறம்தான், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று ஹெலன் கேட்டார்.

"பத்தொன்பது ஆண்டுகள். அதற்கு முன்பு மூன்று வாரம் விசாரணை."

"நீங்கள் அவருடைய மேலதிகாரியா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை. மேற்படியார் என் மகளின் கணவர். என் மாப்பிள்ளை. இதை விண்ணப்பத்தில் குறிப்பிடாதது மேற்படியாரின் தவறு."

ஹெலன் கொஞ்சம் தயங்கி, சொந்தக்காரர் என்றால் உங்களிடம் கேட்டுப் பயனில்லையே, நன்றி என்று முடிக்கப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை மாமாவைச் சுட்டுவிட்டது.

"அம்மா. என் உடன்பிறந்த தம்பியின் பட்டா மனுவையே தள்ளுபடி செய்தவன் நான். கேளுங்கள்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு காகிதம் புரளும் சத்தம். ஹெலன் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். மாமா ஒவ்வொன்றாக எண் போட்டுக் குறித்துக்கொண்டார்.

இருபத்து நாலு பேர் குழு? "தவறு. மூவர். அதில் ஒருவர் பொங்கலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை." அறை நிரம்புவதை மூன்று மடங்கு உயர்த்தியது? "அது பௌர்ணமியால் நடப்பது. மேற்படியாருக்கு அதில் பங்கில்லை." கம்ப்யூட்டரில் நிபுணர்? "ஆன் செய்வார்." புகார்கள்? "நான் கொடுத்த புகாரே ஒன்று நிலுவையில் இருக்கிறது."

நெருக்கடியில் நிதானம் இழக்காதவர் என்று ஹெலன் படித்தார். மாமா முதல் முறையாகத் தலையைத் திருப்பி, என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"மேற்படியார் இந்த நேரம் என் வாசலில் நிற்கிறார். என் பேத்தியின் பள்ளிக்கூட டை அணிந்திருக்கிறார். கீழே லுங்கி. காலில் செருப்பு இல்லை. இதற்கு நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டுமா?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாழினி மேஜைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். போனில் ஹெலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசிக் கேள்வி, அவருடைய பெரிய குறை என்ன என்று கேட்டார்.

மாமா நோட்டில் பல பக்கம் பின்னால் புரட்டினார். இதற்கென்று பக்கமே இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மேற்படியாருக்கு இல்லை என்று சொல்ல வராது. லாட்ஜில் இடமில்லாதபோது வருகிறவர்களை என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதுவரை பதினோரு தடவை. ஒரு தடவை ஆந்திராவிலிருந்து ஏழு பேர், குழந்தை உட்பட. எங்கள் கூடத்தில் படுத்தார்கள். ஒரு தடவை கால் வீங்கிய ஒரு கிழவரைத் தானே தூக்கி வந்து என் கட்டிலில் படுக்க வைத்தார். என்னைக் கேட்கவில்லை. என் மனைவி இவர்களுக்கெல்லாம் உப்புமா செய்ய வேண்டியிருக்கிறது. நான் கண்டித்தேன். மழை பெய்யுது மாமா என்றார். வாடகை வாங்கினீர்களா என்றேன். தலையைச் சொறிந்தார். இது எங்களுக்கு மிகுந்த இடைஞ்சல். இதை அவருடைய குறையாகப் பதிவு செய்துகொள்ளவும்."

எனக்குக் காது வரை சூடேறியது. பதினோரு தடவை என்று நான் எண்ணியதில்லை.

ஹெலனின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "நீங்களாக இருந்தால் இவரை எடுத்துக்கொள்வீர்களா?"

மாமா பேனாவை மூடினார். "நான் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டேன். இதுவரை மாற்றவில்லை."

போன் அணைந்தது. மாமா நோட்டை மூடி, சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"உள்ள வாங்க மாப்ள. எம் பேரப் போடறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்னா சொல்லியிருப்பீங்க மாமா?"

"ரெண்டு நாள் டைம் கேட்டிருப்பேன். லாட்ஜுக்கு வந்து நேர்ல பாத்திருப்பேன். இப்ப பாருங்க, ஞாபகத்துல இருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெண்டு மூணு விட்டுப் போயிருக்கும்."

அத்தை எனக்குத் தட்டு வைத்தார். உப்புமா. அந்த அம்மா சிரித்தார்களே மாமா, அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று மூன்று தடவை கேட்டேன். விசாரணை முடிந்த பிறகு ஊகம் சொல்வது முறையில்லை என்றுவிட்டார்.

நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்த நாலு நாளில் நான் தப்பான சாவியைத் தப்பான ஆளுக்குக் கொடுத்து, ஒரு புதுமாப்பிள்ளையும் பெண்ணும் தங்கியிருந்த அறைக்குள் ஈரோட்டிலிருந்து வந்த பஜனைக் குழுவை அனுப்பிவிட்டேன். சுமதிக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் வெகு நேரம் சிரித்துவிட்டு, கடைசியில் அழுதுவிட்டாள். இருக்கறத எழுதுங்கன்னு சொன்னேனே என்றாள். யோஹானிடம் போய் நொந்துகொண்டேன். அவர் தன் சிலேட்டை எடுத்து இங்கிலீஷில் எழுதிக் காட்டினார்: ‘என்னால் முடிந்தவரை உங்களைப் பற்றி நல்லதாகவே நினைத்தேன்.’

ஐந்தாம் நாள் ஹெலனின் கடிதம் வந்தது. உதவி மேனேஜர் வேலை எனக்கில்லை. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மோட்டலில் அறை சுத்தம் செய்ய ஆள் வேண்டும். ஆறு மாதம் அதைச் செய்தால், பிறகு கவுண்டரில் உட்கார வைப்பதைப் பற்றிப் பேசலாம். குழு எத்தனை பேர் என்றும் தெளிவாக எழுதியிருந்தார். ஒருவர். நான்தான். இதில் ஒரு நிபந்தனை: உங்கள் சி.வி.யை உங்கள் மாமனார் சொன்னபடி திருத்தி, ஃபைலுக்காக மறுபடி அனுப்பவும்.

கடிதத்தை மாமாவிடம் நீட்டினேன். அறை சுத்தம் செய்கிற வேலை என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். நான் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "வேலையோட போறீங்க," என்றார். "உக்காருங்க. திருத்தத்த ஆரம்பிக்கலாம்."

அவர் சொல்லச் சொல்ல யாழினி அடித்தாள். ஒரு பக்கம்தான் வந்தது. மூன்று பேர். முப்பத்திரண்டு அறை. பதினேழு வருஷம். குறைகள் என்று ஒரு தலைப்பு கொடுத்து, பதினோரு தடவையையும் பட்டியல் போட்டார். அப்படி ஒரு சி.வி. உலகத்தில் எவனும் அனுப்பியிருக்க மாட்டான். அனுப்பினேன்.

இப்போது நான் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாதம் என்றது ஒன்பது மாதம் ஆயிற்று. படுக்கை விரிப்பை மூலை மடிக்க அவ்வளவு நாள் பிடித்தது எனக்கு. ஹெலனுக்கும் மாமாவுக்கும் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு நட்பு நடக்கிறது. நம் பக்கத்திலிருந்து யாராவது வேலை கேட்டு எழுதினால், அந்த அம்மா முதலில் வேங்கிக்காலுக்குப் போன் செய்கிறார். விழுப்புரம் பையன் ஒருத்தனை விசாரிக்க மாமா பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். எழுபத்து மூன்று வயதில் அவருக்கு மறுபடி டூட்டி.

என் கதிதான் மோசம். எங்கள் வீட்டில் நான் எது சொன்னாலும் அது விண்ணப்பமாகிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சுமதி டூட்டி முடிந்து வரும்போது, வீட்டை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாழினி பேசாமல் போனை எடுத்து, தாத்தாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"தாத்தா, அப்பா வீட்ட முழுக்க சுத்தம் பண்ணிட்டாராம்."

அந்தப் பக்கம் பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.

"கட்டிலுக்கு அடியில குனிஞ்சி பாத்தீங்களாம்மா?"

சுமதி படுக்கையறைப் பக்கம் நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் நான் துடைப்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.